பால் டின் என்று எழுதியிருந்த பெட்டிகள்

சப்ளை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

போன மாதம் டிப்போ விழாவுக்கு என்னை அழைத்து மேடையில் உட்கார வைத்தீர்கள். என் கோட்டில் தொங்கிய ஐந்து பதக்கங்களைப் பார்த்துவிட்டு உங்களில் ஒருவர், "எது எது எதுக்குக் கிடைச்சது சார்?" என்று கேட்டார். மூன்று பதக்கங்கள் அந்தந்த நாட்டில் அந்தந்த வருஷம் நான் இருந்ததற்குக் கிடைத்தவை. நாலாவது, சண்டை முடியும்வரை சாகாமல் இருந்ததற்கு. ஐந்தாவது, நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும். இப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்தீர்கள். அந்த ஐந்தாவது பதக்கம் எனக்கு மூன்று வருஷம் தாமதமாக வந்தது. அது ஏன் என்று மேடையில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூட்டை எப்படி அடுக்குவது, எந்தப் படிவத்தில் எதை நிரப்புவது என்பதையெல்லாம் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு நாளைப் பற்றியும், அதற்குப் பின் வந்த பத்து நாட்களைப் பற்றியும்.

ஜப்பான்காரர்கள் கொழும்பில் குண்டு போட்ட பிறகு தூத்துக்குடி திடீரென்று முக்கியமான ஊராகிவிட்டது. இலங்கையில் இருந்த பட்டாளத்துக்கு அரிசி, பருப்பு, வெங்காயம், கருவாடு எல்லாம் இங்கிருந்துதான் போக வேண்டும். பதினெட்டு வருஷம் வடக்கே மலையிலும் பாலைவனத்திலும் கோவேறு கழுதைகளோடு அலைந்த என்னை, "நீ அந்தக் கடற்கரைக்காரன்தானே" என்று சொல்லி இங்கே மாற்றினார்கள். நான் ஆறுமுகநேரிப் பக்கத்துப் பனங்காட்டுக்காரன். கடலை உப்பளத்து வரப்பில் நின்று பார்த்ததோடு சரி. நீந்தத் தெரியாது. அதை யாரும் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அப்போது நான் ஹவில்தார்.

டிப்போவின் அதிகாரியாக இருந்தவர் ஒரு மேஜர். அவர் பெயரை எழுத மாட்டேன். வெள்ளைக்காரர். பல வருஷங்களுக்கு முன் வடமேற்கு எல்லையில், அவர் கேப்டனாக இருந்தபோதே அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் நான். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் முக்கால் பங்கு அவரிடம் கற்றது. அங்கே ஒருமுறை இருநூறு கோதுமை மாவு மூட்டைகளில் மேல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு நான் கையெழுத்துப் போட்டேன். அவர் அந்தக் காகிதத்தை என் முகத்துக்கு நேரே கிழித்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருநூறு மூட்டைகளையும் பிரிக்கச் சொல்லி, கடைசி மூட்டை பிரியும்வரை தானும் பக்கத்திலேயே நின்றார். அடி வரிசை மாவில் பாதி சுண்ணாம்பு. "நீ கையெழுத்துப் போடுவது காகிதத்தில் இல்லை. சாப்பிடப்போகிறவன் தட்டில்" என்றார். அன்றிலிருந்து அவர் சொன்னால் எனக்கு அதற்கு மேல் சொல் கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலை சரக்கு ரயிலில் வந்த நாற்பது பெட்டிகளைக் காட்டி, "இதைத் திறக்க வேண்டாம். நேரே கப்பலுக்கு ஏற்று" என்றார்.

பெட்டிகளின் மேல் 'பால் டின்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சுற்றிலும் இரண்டு கம்பிகள், கம்பியில் ஈய முத்திரை. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். பால் டின் பெட்டியை ஆயிரம் தடவை தூக்கியவன் நான். இது கனம் அதிகம்.

"சாஹிப், பால் பெட்டி இவ்வளவு கனக்காதே?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடி, "பால்தான்" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

தூத்துக்குடியில் கடல் ஆழமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கப்பல் ஐந்து மைல் தள்ளித்தான் நிற்கும். சரக்கை வத்தை என்ற பெரிய படகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த நாற்பது பெட்டிகளையும் ஏற்றிய வத்தை முயல் தீவுக்கு இந்தப் பக்கம் போகும்போது, காற்று திசை மாறி அடித்ததில் பாறைத் திட்டில் மோதிக் கவிழ்ந்தது. வத்தைக்காரர்கள் நாலு பேரும் நீந்திக் கரை சேர்ந்துவிட்டார்கள். பெட்டிகள் அத்தனையும் அடியில் போய்விட்டன. ஆழம் நாலு பாகம்தான், அதாவது நாலு ஆள் உயரம்.

மேஜரின் முகம் வெளுத்துப் போனதை அன்று முதன்முதலாகப் பார்த்தேன். "நாளை மாலை கப்பல் போகிறது. அதற்குள் ஒரு பெட்டி குறையாமல் எடுத்தாக வேண்டும்" என்றார். பால் டின்னுக்கா இவ்வளவு பதைப்பு என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அது சங்கு குளிக்கும் பருவம். முத்துக்குளிப்பு நின்று பல வருஷமாகியிருந்தாலும் சங்கு எடுக்கும் ஆட்கள் ஊரில் இருந்தார்கள். அவர்களில் கெட்டிக்காரர் செபஸ்தியான் என்று சொன்னார்கள். நாற்பது வயதிருக்கும். கட்டையான உடம்பு, அகன்ற மார்பு, உப்பில் வெளுத்த புருவம். கடலுக்குள் இறங்குபவரின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவர் எப்போதும் மனைவியின் உடன்பிறந்தவராகத்தான் இருப்பார். தன் அக்காள் தாலியை அறுக்க எந்தத் தம்பிக்கும் மனசு வராது என்பதால் அந்த வழக்கம். செபஸ்தியானுக்குக் கயிறு பிடித்தவர் அவர் மனைவி விறோணிக்காளின் தம்பி மிக்கேல்.

மறுநாள் காலையிலேயே அவர்கள் வள்ளத்தில் நானும் ஏறிக்கொண்டேன். எண்ணி வாங்க ஒரு ஆள் வேண்டுமே. துடுப்புப் போட இருவர். வள்ளம் ஆடியபோது நான் பலகையை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்து மிக்கேல் சிரித்தார்.

"பட்டாளத்துக்காரரு இப்பிடிப் பயப்படுதியளே!"

"நீச்ச தெரியாதுய்யா" என்றேன்.

செபஸ்தியான், அடிக்கு வேகமாக இறங்க உதவும் கல்லைக் காலில் கட்டிக்கொண்டே கேட்டார். "அவில்தாரய்யா, பெட்டியில என்ன இருக்கு?"

"பால் டின்."

"பாலா? கண்ணால பாத்து எத்தன நாளாச்சு. எல்லாத்தையும் எடுத்துத் தாரோம். சின்னவளுக்கு ஒரு டின்னு தருவியளா?"

"ஒண்ணென்ன, ரெண்டு தாறேன்" என்றேன்.

அவர் சந்தோஷமாகச் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். ஒரு மூச்சில், கயிறு கட்டி இறக்கிய கூடையைப் பெட்டியின் அடியில் சொருகித் தன் இடுப்புக் கயிற்றை இழுப்பார். மிக்கேல் ஆளைத் தூக்குவார், துடுப்புக்காரர்கள் பெட்டியைத் தூக்குவார்கள். பாறையில் அடிபட்டுச் சில பெட்டிகளின் பக்கப் பலகை பிளந்திருந்தது. மேல் மூடியும் கம்பியும் முத்திரையும் அப்படியே இருந்தன. நான் ஒவ்வொன்றையும் பார்த்து எண்ணினேன். பதினோரு பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றை வள்ளத்தின் பலகையில் வெயிலில் வரிசையாக வைத்திருந்தோம். தண்ணீர் சொட்டிச் சொட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. செபஸ்தியான் மூச்சு வாங்குவதற்காக மேலே ஏறி, முதல் பெட்டியின் அருகில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் வாடைதான் வந்தது. பூண்டு வாடை. கடல் நடுவே யார் பூண்டு உரிக்கிறார்கள் என்று நான் திரும்பினேன். முதல் பெட்டியின் பிளவிலிருந்து வெள்ளைப் புகை நூல் மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. நாலு பாகம் தண்ணீருக்கு அடியில் ஒரு நாள் முழுக்கக் கிடந்த பெட்டி. பலகையில் இன்னும் ஈரம் மின்னியது. அது புகைந்தது.

"என்னலே இது?" என்று மிக்கேல் கேட்டு முடிப்பதற்குள் பெட்டி வெடித்தது.

பெரிய சத்தமில்லை. சோளப்பொரி பொரிவது மாதிரி ஒரு சத்தம். வெள்ளையாக எரிகிற துளிகள் சிதறின. செபஸ்தியானின் வலது தோளிலும் கையிலும் ஒட்டிக்கொண்டன. அவர் கத்தவே இல்லை. அப்படியே கடலில் குதித்தார். தண்ணீரில் விழுந்ததும் நெருப்பு அணைந்தது. "அப்பாடா" என்று நான் வாய்விட்டுச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. மிக்கேல் கை கொடுத்து அவரைத் தூக்கினார். ஏறி நின்றவரின் உடம்பிலிருந்து தண்ணீர் வடிந்தது. வடிந்து முடிந்ததும், எங்கள் கண்ணெதிரே, அவர் கை மறுபடி தானாகப் பற்றிக்கொண்டது.

தம்பிகளே, நான் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மலைச்சரிவில் குண்டு பட்டுக் கிடந்தவர்களைச் சுமந்திருக்கிறேன். ஆனால் ஈரமான மனிதக் கை, யாரும் தீ வைக்காமல், நண்பகல் வெயிலில் பற்றி எரிவதைப் பார்த்தபோது என் புத்தி நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு துடுப்புக்காரர் "பேயி! பேயி!" என்று அலறினார். மற்றவர் கரையைப் பார்த்து வள்ளத்தைத் திருப்பினார்.

செபஸ்தியான்தான் முதலில் சுதாரித்தார். எரிகிற கையை அப்படியே வள்ளத்துக்கு வெளியே கடலுக்குள் விட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னார்.

"மாப்ள, தண்ணிக்குள்ள இருந்தா சும்மா இருக்கு. காத்துப் பட்டாத்தான் எரியுது."

அந்த வார்த்தையில்தான் என் புத்தி திரும்பியது. திரும்பியதும் மீதிப் பெட்டிகளைப் பார்த்தேன். பத்துப் பெட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டாவதிலிருந்து புகை வரத் தொடங்கியிருந்தது. வள்ளம் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஜெட்டி என்ற படகுத்துறையை ஒட்டிப் பஞ்சுப் பொதிகள் மலைபோல் அடுக்கியிருந்தன. அதற்கு அடுத்து எங்கள் அரிசிக் கிடங்கு. கிடங்கு வாசலில் பருப்புப் புடைக்கும் பெண்கள் எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு பெட்டி குறையாமல் என்பது எனக்குக் கொடுத்த உத்தரவு. யுத்த காலத்தில் பட்டாளச் சரக்கைக் கடலில் எறிந்தவனுக்கு என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை நினைக்காமல் செய்தேன் என்று சொன்னால் பொய். நினைத்தேன். அதன் பிறகுதான் கத்தினேன்.

"திருப்பாதியலே! எல்லாத்தையும் கடல்ல தூக்கிப் போடுங்க!"

"பட்டாளத்துச் சாமான்லா அய்யா!" என்றார் துடுப்புக்காரர்.

"நான் சொல்லுதேன், போடுலே!"

எரிகிற பெட்டியை மிக்கேல் துடுப்பால் நெம்பித் தள்ளினார். மற்ற பத்தையும் நானும் அவர்களுமாகத் தூக்கி எறிந்தோம். கடைசிப் பெட்டி என் கையில் இருக்கும்போதே சூடாக இருந்தது. பிறகு என் தலைப்பாகையை அவிழ்த்துக் கடலில் முக்கி, செபஸ்தியான் தோளிலிருந்து விரல்வரை சுற்றினேன். மிக்கேல் தண்ணீர் இறைக்கும் சிரட்டையால் மேலே ஊற்றிக்கொண்டே வந்தார். ஊற்றுவது ஒரு நிமிஷம் தாமதித்தால் துணிக்குள்ளிருந்து புகை வந்தது. அப்படியேதான் கரை சேர்ந்தோம்.

ஜெட்டியில் மேஜர் நின்றிருந்தார். தூரக்கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் பக்கத்தில் எங்கள் டிப்போ மருத்துவ அறையின் உதவியாளர், கையில் ஒரு பெரிய புட்டியுடன் தயாராக நின்றார். புட்டியில் நீலத் தண்ணீர். நாங்கள் இறங்கியதும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணியை விலக்கி நீலத் தண்ணீரைக் காயத்தில் ஊற்றினார். எரிகிற துளிகள் கறுத்து நின்றன. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். செபஸ்தியான் அப்போதுதான் முதல்முறையாக அலறினார்.

எனக்கு உயிர் வந்தது. உதவியாளரின் தோளைத் தட்டி, "நல்லவேளை வச்சிருந்திய. என்ன மருந்து இது?" என்று கேட்டேன்.

"மயில்துத்தம் கரைச்ச தண்ணி அண்ணாச்சி. இந்தத் தீக்குன்னே உள்ளது."

"நம்ம டிப்போவுல இது எப்ப வந்துச்சு?"

அவர் மேஜரை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "பெட்டியோடயே வந்துச்சு."

பெட்டி வந்த அதே ரயிலில் அதன் மருந்தும் வந்திருக்கிறது. எந்தத் தீ, அதை எப்படி அணைப்பது என்று எழுதிய காகிதமும் கூட வந்திருக்கிறது. எல்லாம் மேஜரின் அறையில் பூட்டி இருந்திருக்கிறது. செபஸ்தியான் பால் டின் என்று நம்பிக் கல்லைக் கட்டிக்கொண்டு குதித்தபோது, கரையில் மருந்துப் புட்டி மூடி திறந்து காத்திருந்திருக்கிறது.

அன்று பிற்பகல் மேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே இருந்தது புகைக்குண்டு என்றும், அதில் அடைத்திருப்பது வெள்ளைப் பாஸ்பரஸ் என்றும் அப்போதுதான் சொன்னார். எதிரிக்கு உளவு போகாமல் இருக்க வடக்கே எங்கோ பெட்டியில் பால் என்று எழுதியிருக்கிறார்கள். யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அவருக்கு வந்த உத்தரவு.

"நான் கேட்டேனே சாஹிப்" என்றேன்.

"கேட்டாய். சொல்லியிருந்தால் அந்த ஆட்கள் தண்ணீரில் இறங்கியிருப்பார்களா?"

பிறகு ஒரு தட்டச்சுக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். சங்கு குளிக்கும் ஆள் பால் திருடும் எண்ணத்தில் பெட்டியை நெம்பித் திறந்ததாகவும், அதனால்தான் விபத்து என்றும் எழுதியிருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் செபஸ்தியானின் கட்டிலுக்கு ஏற்கெனவே போலீஸ் காவல் போட்டாகிவிட்டது என்றும் சொன்னார்.

"சிறப்புச் சேவைப் பதக்கத்துக்கு உன் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஜமேதார் பதவியும் வரும்" என்றார். குரலில் மிரட்டல் இல்லை. எப்போதும் போல அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னை இன்னும் உலுக்குகிறது.

வீரமாக மறுத்தேன் என்று நினைக்காதீர்கள். "கை நடுங்குது சாஹிப், நாளைக்குப் போடுறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல் படியில் விறோணிக்காள் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை. என் சட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அம்மா, பெட்டியில பால் இல்ல" என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தீ வந்த பெறகுதான்."

என் முகத்தையே பார்த்தார். பொய்யா மெய்யா என்று எடை போடுவது தெரிந்தது.

"திருடப் போனாருன்னு எழுதிருக்காவளாமே. போலீசு சொல்லுதாரு. எங்கிட்ட வந்து சொல்லி என்னய்யா செய்ய? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க."

மறுநாள் நான் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வாரம் கழித்து விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஒரு கர்னல் வந்தார். டிப்போ அறையில் மேஜை போட்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். கனம் கூடுதலாக இருந்ததைக் கண்டும் திறக்காமல் கையெழுத்துப் போட்டது, பால் என்று சொன்னது, டின் தருவதாக வாக்குக் கொடுத்தது, சரக்கைக் கடலில் எறியச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கர்னல் மேஜரைப் பார்த்துக் கேட்டார். "உள்ளே என்ன இருக்கிறது என்று இவனுக்குச் சொல்லவில்லையா?"

மேஜர் எழுந்து நின்றார். நேராக, நிமிர்ந்து, எல்லைப்புறத்தில் பனியில் நின்ற அதே மாதிரி.

"சொன்னேன். வாய்மொழியாக எச்சரித்திருந்தேன்" என்றார்.

என்னை அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இத்தனை வருஷத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பொய் சொல்லும்போது எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அவர் முகம் மாறவே இல்லை.

இனி என் வார்த்தை எடுபடாது என்று தெரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "சாஹிப், வெடித்த பெட்டி கடலில்தான் கிடக்கிறது. அதன் மூடியும் முத்திரையும் உடையவில்லை. எடுத்துப் பாருங்கள்."

கர்னல், "யார் இறங்குவார்கள்?" என்றார்.

நான் நேரே விறோணிக்காளின் வீட்டுக்குப் போய் நின்றேன். மிக்கேல் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "நான் எறங்குதேன். மச்சானத் திருடன்னு சொல்லவிட மாட்டேன்" என்றார். உடனே அக்காளைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா எனக்குக் கயிறு யாரு பிடிப்பா?"

அவருக்குக் கல்யாணமாகவில்லை. மச்சான் என்று பிடிக்க ஆள் செபஸ்தியான் ஒருவர்தான். அவர் கட்டிலில் கிடந்தார். விறோணிக்காள் என்னைக் கை காட்டினார்.

"இவரு பிடிக்கட்டும். பாலுன்னு சொன்னது இவருதானே."

கர்னல் ஒரு மோட்டார் படகில் வந்தார். நான் மிக்கேலின் வள்ளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு இழுப்பு என்றால் கயிற்றைத் தளர்த்து, இரண்டு இழுப்பு என்றால் தூக்கு என்று மிக்கேல் சொல்லிக்கொடுத்தார். அவர் இறங்கியதும் கயிறு என் கையில் உயிருள்ளது போல ஓடியது. ஒரு மூச்சு எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் என் மூச்சை அவரோடு சேர்ந்து அடக்கினேன். முடியாமல் இரண்டு முறை விட்டுவிட்டேன். அவர் இன்னும் கீழேதான் இருந்தார். கயிறு இரண்டு முறை இழுபட்டபோது நான் தூக்கிய வேகத்தில் என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மேலே வந்ததும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "மெல்ல அய்யா, நான் மீனா?" என்றார்.

இந்த முறை பெட்டியைக் காற்றில் எடுக்கவில்லை. வாய் அகன்ற மரப்பீப்பாயைக் கடலில் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே பெட்டியை அதற்குள் இறக்கி, பீப்பாயோடு தூக்கினோம். கர்னல் குனிந்து பார்த்தார். மேல் மூடி ஆணியோடு அப்படியே இருந்தது. இரண்டு கம்பிகளும் இருந்தன. ஈய முத்திரையில் சிறு கீறல்கூட இல்லை. பக்கப் பலகை மட்டும் உள்ளேயிருந்து வெளியே கருகித் தெறித்திருந்தது. தீயிலும் உப்புத் தண்ணீரிலும் பால் என்ற எழுத்தின் சாயம் உரிந்து, அதற்கு அடியில் முதலில் எழுதியிருந்த 'பாஸ்பரஸ்' என்ற எழுத்து தெரிந்தது. கர்னல் அதை வாய்க்குள் வாசித்தார். தலையை நிமிர்த்தும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, மிக்கேலைப் பார்த்தார். "இவர்களிடம் பால் என்றா சொன்னார்கள்?" என்று கேட்டார்.

செபஸ்தியான் மேல் இருந்த வழக்கை அன்றே விலக்கினார்கள். மேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், வேறொன்றும் நடக்கவில்லை. பின்னாளில் அவர் மார்பில் என்னுடையதைவிடப் பெரிய பதக்கம் ஏறியது என்று கேள்விப்பட்டேன். சரக்கைக் கடலில் எறிந்ததற்காக எனக்குக் கடுமையான கண்டனம் எழுதப்பட்டது. சிறப்புச் சேவைப் பதக்கப் பட்டியலில் என் பெயரை அடித்தார்கள். நன்னடத்தைப் பதக்கம் மூன்று வருஷம் தள்ளிப்போனது. செபஸ்தியானின் வலது முழங்கை அதற்குப் பின் மடங்கவில்லை. அவர் மறுபடி சங்கு குளிக்க இறங்கவில்லை. மிக்கேல் இறங்கினார், இவர் இடது கையால் கயிறு பிடித்தார். அவர் வீட்டுக்கு நான் இரண்டு பால் டின் கொண்டுபோனேன். விறோணிக்காள் வாங்கிக்கொண்டார். வாங்கியவர் முதலில் செய்தது, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தது.

சண்டை முடிய ஒரு வருஷம் இருக்கும்போது, அதே ஜெட்டியில், நாற்பது பெட்டிகள் வந்து இறங்கின. மேலே 'பிஸ்கட்' என்று எழுதியிருந்தது. திறக்காமல் ஏற்றும்படி புதிய அதிகாரியின் உத்தரவு. சுமை தூக்குகிறவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு, "என்ன அய்யா உள்ள?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். முத்திரையை அறுத்து, கடப்பாரையால் நானே மூடியை நெம்பினேன். வியர்வை கண்ணில் வழிந்து எதுவும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தேன். பிஸ்கட்தான். அடுத்த பெட்டியைத் திறந்தேன். அதிலும் பிஸ்கட்தான். நாற்பதையும் திறந்தேன். சுமைக்காரர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அதிகாரி ஓடிவந்து எல்லார் முன்னாலும் என்னை ஏசினார். இரண்டாவது கண்டனம் எழுதப்போவதாகச் சொன்னார்.

"எழுதுங்க சாஹிப்" என்றேன்.

ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். முன்னால் நின்ற சுமைக்காரர் இன்னும் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட்டுதான்" என்று அவரிடம் சொன்னேன். "தூக்கிட்டுப் போங்க."